தூண்டில் இழையும் முடிச்சும்: புத்தளக் கரையோர வரலாற்றில் ஒரு நோக்கு

ஈழத்து மீன்பிடித் தொழிலின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் படகு, இயந்திரம், வலை ஆகிய மூன்றையுமே தம் அளவுகோலாகக் கொண்டனர். இதற்குக் காரணம் உண்டு. இவை எண்ணத்தக்கவை, விலை மதிக்கத்தக்கவை, அரசாங்க அறிக்கைகளிலே அட்டவணையாகத் தரத்தக்கவை. ஆயின், தூண்டிற்காரன் ஒருவனின் ஒருநாள் உழைப்பு பயன் தருவதும் வீணாவதும் பல வேளைகளில் இம்மூன்றாலும் தீர்மானிக்கப்படுவதில்லை. ஓர் இழையின் நுனியை இன்னோர் இழையின் நுனியோடு பொருத்தி அவன் இட்ட முடிச்சு நழுவுமா, நிற்குமா என்பதே அதனைத் தீர்மானிக்கின்றது. முடிச்சுக்கு விலையில்லை, வரியில்லை. எனவே அதற்குப் பதிவேடும் இல்லை. தூண்டில் இழையின் மூலப்பொருள் மாறியபோது முடிச்சு எவ்வாறு மாறியது என்பதனைப் புத்தளக் கரையை முன்னிறுத்தி நோக்குவதும், அம்மாற்றத்திலே மீனவனுக்கு இருந்த பங்கு யாது என வினாவுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புத்தளக் கரை என இங்கு குறிக்கப்படுவது தெற்கே வென்னப்புவ, மாரவில தொடக்கம் சிலாபம், உடப்பு, முந்தல் ஊடாகக் கற்பிட்டிக் குடாநாடு வரையிலும், அதற்கும் வடக்கே காரைதீவு வரையிலும் நீளும் நெய்தல் நிலமாகும். ஒருபுறம் திறந்த கடல், மறுபுறம் களப்பு என இருவகை நீர்ப்பரப்பும் அமைந்தமையால் கரைவலை, வீச்சுவலை, தூண்டில் என்ற பலவகைத் தொழில்களும் அருகருகே வாழ்ந்த இடம் இது. வரலாற்று மாணவர்க்கு இப்பகுதி அந்நியமானதன்று. 1344ஆம் ஆண்டில் இபன் பதூதா வந்திறங்கிய 'பத்தாலா' புத்தளமே என்பர். ஒல்லாந்தர் 1667இல் கற்பிட்டியிலே கோட்டை கட்டத் தொடங்கினர். 1834இல் இலங்கையின் இடப்பெயர்களையும் செய்திகளையும் தொகுத்து ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி கற்பிட்டியிலே 1807இல் பிறந்தவர். இத்துணைப் பழமையான கரைக்குரிய ஏடுகளில் முத்து உண்டு, சங்கு உண்டு, உப்பு உண்டு. அவை அரசுக்கு வருவாய் தந்தன. தூண்டிற்காரனின் கைத்திறன் எவருக்கும் வருவாய் தரவில்லை.

இருபதாம் நூற்றாண்டிலே நிலைமை ஓரளவு மாறியது. ஜேம்ஸ் ஹோர்னல் 1943இல் இலங்கையின் மீன்பிடிக் கலங்கள் பற்றி எழுதிய கட்டுரை தெப்பம், வள்ளம் முதலியவற்றை விரிவாகப் பதிவு செய்தது. மேற்குக் கரைக் கத்தோலிக்க மீனவரின் சமூக வாழ்வை ஆர். எல். ஸ்டிராட் ஆராய்ந்து 1988இல் நூலாக வெளியிட்டார். முன்னவர் கலத்தை நோக்கினார். பின்னவர் வணிகத்தையும் குடும்ப உறவையும் நோக்கினார். இவ்விரண்டுக்கும் நடுவே, கலத்தில் இருப்பவனின் விரல்கள் செய்யும் வேலையொன்று உண்டு. அதனை நோக்குதற்கு இழையிலிருந்தே தொடங்க வேண்டும்.

நைலோன் வருமுன்னர் இக்கரையிலே பயன்பட்டவை இயற்கை நார்கள். வலைக்கும் தூண்டிலுக்கும் பருத்தியும் சணலும், கரைவலையின் நெடுங்கயிற்றுக்குத் தென்னந் தும்பும் பயன்பட்டன. நூலை முறுக்குதலும் புரி சேர்த்தலும் வலை பின்னுதலும் பெருமளவு வீட்டுமுற்றத்து வேலைகள். பெண்டிரும் முதியோரும் சிறுவரும் அவற்றில் ஈடுபட்டனர். இந்நார்கள் உப்புநீரிலே விரைவில் உளுத்துப்போகும் இயல்பின. அதனைத் தடுக்கவே கண்டல் மரப்பட்டையைக் காய்ச்சி எடுத்த சாயத்திலும் பனிச்சங்காய்ச் சாற்றிலும் அவற்றைத் தோய்த்து உலர்த்தினர். களப்போரத்திலே கண்டற்காடு செறிந்திருந்தமை புத்தளத்தாருக்கு வாய்ப்பாயிற்று. தோய்த்தல், உலர்த்தல், மீண்டும் தோய்த்தல் என்னும் இச்சுழற்சி கடலுக்குப் போகாத நாள்களையும் தொழில் நாள்களாக்கியது. உடப்பின் கரைவலைத் தொழிலும் அம்பாப் பாடலும் நாட்டாரியல் ஆய்வாளர் பலரின் கவனத்தைப் பெற்றுள்ளன. அக்கவனத்திலே ஒரு சிறுபகுதியேனும் சாயமிட்ட பானைக்குக் கிடைத்திருப்பின் நன்றாயிருந்திருக்கும்.

இயற்கை நாரின் பௌதிக இயல்பு ஒன்று நம் பொருளுக்கு இன்றியமையாதது. பருத்தியும் சணலும் நனைந்தால் வலுப்பெறுவன. நீரை உறிஞ்சி நார் பருக்கும். பருத்த நார் முடிச்சினுள்ளே தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும். அதன் மேற்பரப்பும் சொரசொரப்பானது. எனவே எளிய முடிச்சே போதுமானதாயிற்று. வலைக்கண்ணை இடும் ஒற்றை முடிச்சு, ஒரு வளையத்தினூடே மறு நூலைச் செலுத்தி அதன் பின்புறமாகச் சுற்றி மடக்குவது, இரு நூல்களைத் தொடுக்கவும் உதவியது. இம்முடிச்சினம் மிகத் தொன்மையானது; உலகின் பல கரைகளிலும் ஒன்றுபோலக் காணப்படுவது. தந்தையிடமிருந்து மகன் கற்ற இக்கைப்பழக்கம் நாரின் இயல்போடு இணைந்து வளர்ந்தது. நார் மாறினால் பழக்கமும் பயனற்றுப்போகும் என்பதனை எவரும் அன்று எண்ணியிருக்க நியாயமில்லை.

தூண்டிலிலே இழை ஒன்றன்று, இரண்டு என்பதும் கவனிக்கத்தக்கது. கையிலிருந்து நீரினுள் இறங்கும் நீண்ட இழை தடிப்பானது, கையை வெட்டாதது, இழுப்பைத் தாங்குவது. தூண்டில் முள்ளுக்கு அண்மையில் உள்ள குறுகிய பகுதிக்கோ வேறு தேவை உண்டு. விளைமீன், கலவாய் போன்றவற்றுக்கு அது மெல்லியதாய், மீனின் கண்ணுக்குத் தோன்றாததாய் இருத்தல் வேண்டும். அறுக்குளா, சீலா போன்ற கூரிய பற்கள் உடையவற்றுக்கு அது கம்பியாய் இருத்தல் வேண்டும்; அல்லாவிடின் முள்ளும் போய் மீனும் போய்விடும். ஆகவே வேறுபட்ட தடிப்பும் வேறுபட்ட இயல்பும் உடைய இரண்டினைப் பொருத்துவது தூண்டில் தொழிலின் நிலையான சிக்கலாகும். இழை அறுவது பெரும்பாலும் இப்பொருத்திலேதான். முடிச்சு விழுந்த இடத்தில் இழை வளைகின்றது. வளைந்த இடத்திலே வலுக் குறைகின்றது.

இதே சிக்கலை இதே தீவின் இன்னொரு மூலையிலே முற்றிலும் வேறான சமூகமொன்று எதிர்கொண்டது. 1880களிலே நுவரெலியாப் பகுதி நீரோடைகளில் ஆங்கிலத் தோட்டத்துரைமார் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டனர். பொழுதுபோக்காக அவர்கள் பயின்றது ஈத்தூண்டில். இறகும் நூலும் கொண்டு பூச்சியைப் போலப் புனைந்த ஒரு சிறு பொய்யிரையைப் பாரமான இழையின் வீச்சினாலே நீர்மேல் மெல்ல இறக்கும் முறை அது. வீசும் இழை தடிப்பானதாகையால் அதன் நுனியிலே படிப்படியாக மெலிந்து செல்லும் முன்னிழை ஒன்று வேண்டும். ஆங்கிலத்தில் அதனை லீடர் என்பர். முன்னிழையின் முடிவிலே பொய்யிரையைத் தாங்கும் மிக மெல்லிய நுனியிழை டிப்பெட் எனப்படும். கற்பிட்டித் தூண்டிற்காரன் வயிற்றுக்காகச் செய்ததும் நுவரெலியாத் துரை பொழுதுபோக்காகச் செய்ததும் அமைப்பு நோக்கில் ஒன்றே: தடித்ததோடு மெல்லியதைப் பொருத்துதல். வர்க்க வேறுபாட்டை முடிச்சு அறியாது போலும்!

துரைமாரின் முன்னிழைக்கு அன்று பயன்பட்டது பட்டுப்புழு நரம்பு. இதன் உற்பத்தி ஸ்பெயின் நாட்டின் முர்சியா மாநிலத்திலே பெருந்தொழிலாக விளங்கியது. கூடு கட்டும் தறுவாயிலுள்ள பட்டுப்புழுவை வினாகிரியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை எடுத்துக் கையால் இழுத்து நீட்டி உலர்த்துவர். ஒரு புழுவிலிருந்து கிடைக்கும் இழையின் நீளம் ஏறத்தாழ ஓர் அடியே. ஆகவே ஒன்பது அடி முன்னிழைக்கு ஏறக்குறைய ஒன்பது துண்டுகள் வேண்டும். அவற்றை இணைக்க எட்டு முடிச்சுகள் வேண்டும். அவ்வெட்டில் ஒன்று பிழைத்தாலும் முழுவதும் பிழைத்தது. மேலைநாட்டுத் தூண்டில் இலக்கியத்திலே முடிச்சு பற்றி இத்துணைப் பக்கங்கள் எழுதப்பட்டமைக்குப் புழுவின் சிறுமையே காரணம் எனலாம். நரம்பை மேலும் மெல்லியதாக்க உலோகத் தகட்டிலுள்ள துளைகளினூடே இழுத்தனர். எத்தனை முறை இழுக்கப்பட்டது என்பதனைக் குறித்த எக்ஸ் என்னும் எழுத்து இன்றும் இழைச் சுருள்களின் மேல் அச்சிடப்படுகின்றது. 11இலிருந்து அவ்வெண்ணைக் கழித்தால் வருவது, அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு அளவில், இழையின் விட்டமாகும். 5எக்ஸ் என்பது ஆயிரத்தில் 6 பங்கு. புழு மறைந்து பல்லாண்டு சென்ற பின்னும் அதன் அளவை நிலைத்துவிட்டது.

இவ்விரு உலகங்களையும் ஒரே பொருள் மாற்றியது. அமெரிக்க டூபொண்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலே வாலஸ் கரோதர்ஸ் தலைமையிலான குழு 1935இல் நைலோனை உருவாக்கியது. 1938இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. போர்க்காலத்திலே பெருமளவு பரசூட்டுகளுக்கும் கயிறுகளுக்கும் சென்ற நைலோன், போர் முடிந்ததும் மீன்பிடித் துறையை வந்தடைந்தது. 1940களின் இறுதியிலே ஸ்டான்லி பார்ன்ஸ் என்பார் இங்கிலாந்திலே வெளியிட்ட முடிச்சு நூலின் தலைப்பிலேயே நரம்பும் நைலோனும் ஒருங்கே இடம்பெற்றன. பழையது போகவில்லை, புதியது நிலைக்கவில்லை என்னும் இடைக்காலத்தின் சான்று அத்தலைப்பு.

நைலோன் உளுக்காது. நூலுக்கு நூல் ஒப்பிடின் பருத்தியினும் மிக வலியது. ஒற்றைப்புரியாய்க் கண்ணாடி போல நீரிலே மறைந்து நிற்கும். ஆயின் முடிச்சு நோக்கில் இது பருத்திக்கு நேர்மாறானது. நனைந்தால் பருத்தி வலுப்பெறும். நைலோனோ நனைந்தால் தன் வலுவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கை அல்லது அதற்கு மேலும் இழக்கும். பருத்தி பருத்து இறுகும். நைலோன் வழுக்கி அவிழும். பருத்தியின் மேற்பரப்பு பற்றிக்கொள்ளும். நைலோனின் மேற்பரப்போ எதனையும் பற்றாது. அதற்கு நீட்சியும் உண்டு. இழுபட்டு மீளும் ஒவ்வொரு முறையும் முடிச்சு சிறிது தளரும். தொழிற்சாலை வலைகளிலே கூட நைலோன் நூலுக்குப் பழைய ஒற்றை முடிச்சு நிற்காமையால் இரட்டை முடிச்சு இட நேர்ந்தது. வெப்பமூட்டி முடிச்சை நிலைப்படுத்தவும் நேர்ந்தது. தொழிற்சாலையிலே இதனைச் செய்ய இயந்திரமும் பொறியியலாளரும் இருந்தனர். தெப்பத்திலே இருந்தவனிடம் பத்து விரல்களே இருந்தன.

இலங்கையிலே 1958 அளவில் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளை அறிமுகஞ் செய்யும் திட்டம் தொடங்கியது. செயற்கை இழை வலைகளும் ஏறத்தாழ அக்காலத்தையொட்டியே பரவலாயின. 1964இல் மீன்பிடிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. புத்தள மாவட்டத்தின் லுணுவிலவிலே அரசுக்குச் சொந்தமான வலைத் தொழிற்சாலை இயங்கலாயிற்று. வீட்டுமுற்றத்து வேலை தொழிற்சாலைக்குச் சென்றதன் கண்கூடான அடையாளமாக அதனைக் கொள்ளலாம். மக்கள் இப்புதிய இழையை நைலோன் என்று அழைத்ததினும் 'தங்கூசி' என்று அழைத்ததே மிகுதி. சிங்களத்திலும் இச்சொல் 'தங்குஸ்' என வழங்குகின்றது. மலாய் மொழியிலே தூண்டில் இழையைத் 'தங்சி' என்பர். இவ்வொப்புமை தற்செயலானதோ, கடல்வழித் தொடர்பின் எச்சமோ என்பது சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடைய நண்பர்களின் சிந்தனைக்குரியது. நாம் மேலே செல்வோம்.

தங்கூசிக்கு ஏற்ற முடிச்சைக் கரை எவ்வாறு கற்றது? நவீனமயமாக்கம் என்பது மேலிருந்து கீழே வழங்கப்பட்ட ஒன்று என்னும் கருத்து நம் பாடநூல்களிலே ஆழப் பதிந்துள்ளது. அரசு படகு தந்தது, கடன் தந்தது, இயந்திரப் பயிற்சி தந்தது. மீனவன் பெற்றுக்கொண்டான் என்பது அதன் சாரம். படகைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மை. முடிச்சைப் பொறுத்தவரை இது பொருந்தாது என்பதே என் கருத்து. தங்கூசிச் சுருள் கடைக்கு வந்தபோது அதனோடு முடிச்சு வரவில்லை. அதனை வாங்கியவனே கண்டறிய வேண்டியிருந்தது.

அவன் கண்டறிந்த வழியும் ஆராயத்தக்கது. அறுந்துவந்த இழையின் நுனியே அவனுக்கு ஏடாக அமைந்தது. இழை நடுவிலே அறுந்திருப்பின் நுனி நேராக இருக்கும். பாறையிலோ மீனின் பல்லிலோ உரசியிருப்பின் நுனி சிராய்ந்திருக்கும். முடிச்சு நழுவி அவிழ்ந்திருப்பின் நுனி பன்றிவால் போலச் சுருண்டிருக்கும். சுருண்ட நுனியைக் கண்டவன் மறுநாள் ஒரு சுற்றுக் கூட்டிக் கட்டுவான். காலஞ்சென்ற என் தாய்வழிப் பாட்டனார் தூண்டில் தொழில் செய்தவர். தடித்த தங்கூசியோடு மெல்லிய தங்கூசியைத் தொடுக்கும்போது இரண்டையும் ஒருங்கே வைத்துப் பெரியதொரு கண் செய்து, மெல்லியதை முழுநீளமும் அக்கண்ணினூடே இருமுறை, சில வேளை மும்முறை செலுத்தி, வாயில் வைத்து நனைத்து, நான்கு முனைகளையும் பிடித்து மெல்ல இறுக்குவார். நனையாமல் இறுக்கினால் தங்கூசி சுட்டுவிடும் என்பது அவர் விளக்கம். அம்முடிச்சுக்கு அவரிடம் பெயரிருக்கவில்லை. பல்கலைக்கழக நூலகத்திலே முடிச்சு பற்றிய நூலொன்றைப் புரட்டுகையில் அதே முடிச்சு 'மருத்துவர் முடிச்சு' என்னும் பெயரோடு, முன்னிழையையும் நுனியிழையையும் பொருத்த உகந்ததென்ற குறிப்போடு, அச்சிடப்பட்டிருந்ததைக் கண்டேன். அவர் அந்நூலைக் கண்டவரல்லர், ஆங்கிலம் அறிந்தவருமல்லர்.

பாட்டனாரின் விளக்கம் அறிவியல் நோக்கிலும் சரியானதே. உலர்ந்த நைலோனை விரைந்து இறுக்கும்போது உராய்வினால் வெப்பம் தோன்றுகின்றது; அவ்வெப்பம் இழையை நலிவடையச் செய்கின்றது. பட்டுப்புழு நரம்பையும் முடியுமுன் ஊறவைத்தனர். ஆயின் அதற்குக் காரணம் வேறு. உலர்ந்த நரம்பு நொறுங்கிவிடும். பொருள் மாறியது, காரணம் மாறியது, நனைக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. மருத்துவர் முடிச்சு என்னும் பெயர் சத்திரசிகிச்சையிலிருந்து வந்தது. காயத்தைத் தைக்கும் மருத்துவர் முதற்கட்டு நழுவாதிருக்க மேலதிகமாக ஒரு சுற்று இடுவர். அதே தத்துவமே இங்கும் செயற்படுகின்றது.

மற்றொரு முடிச்சு ஈத்தூண்டிற்காரர் போற்றும் உருளை முடிச்சு. இரு இழைகளின் நுனிகளையும் எதிரெதிராக வைத்து, ஒன்றை மற்றதன்மேல் ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியை நடுவிலுள்ள இடைவெளியினூடே செலுத்துவர். மற்ற நுனியையும் அவ்வாறே சுற்றி, அதே இடைவெளியினூடே எதிர்த்திசையிற் செலுத்துவர். நனைத்து இருபுறமும் இழுக்கையில் சுற்றுகள் அடுக்கடுக்காக அமர்ந்து சிறு உருளையாகும். வெட்டப்பட்ட இரு நுனிகளும் நடுவிலிருந்து நேரெதிராக நீண்டு நிற்பின் முடிச்சு செவ்வையாக அமைந்தது எனலாம். இதன் சிறப்பு யாதெனில் இழுவிசை ஓரிடத்திற் குவியாமல் பல சுற்றுகளிலும் பங்கிடப்படுவதாகும். குறை யாதெனில் இரு இழைகளின் தடிப்பும் ஏறக்குறைய ஒத்திருந்தாலன்றி இது நில்லாது. மெல்லியது தடித்ததை வெட்டும். அல்லது அதன்மேல் வழுக்கும். படிப்படியாக மெலியும் முன்னிழைக்கு உருளை முடிச்சும், தடிப்பிலே பெரிதும் வேறுபடும் இழைகளுக்கு மருத்துவர் முடிச்சும் ஏற்றவை என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆடும் வள்ளத்திலே, ஈரக் கையோடு, மங்கிய ஒளியிலே கட்ட வேண்டியவனுக்கு இரண்டாவது எளிது. கரையிலே அது பரவியமைக்கு அவ்வெளிமையே காரணமாகலாம்.

முடிச்சுகள் ஊருக்கு ஊர் பரவியமைக்கு மீனவரின் பருவகாலப் பெயர்ச்சியும் துணைசெய்திருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே மேற்குக் கரை கொந்தளிக்கும். அப்போது நீர்கொழும்பு, சிலாபப் பகுதி மீனவர் வடக்கிலும் கிழக்கிலும் வாடியமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். கடல் அமைதியுற்றதும் கற்பிட்டிக் குடாநாட்டிலே பிறவூர் மீனவரின் வாடிகள் தோன்றும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், வீட்டிலே தமிழ் பேசித் தேவாலயத்திலே சிங்களத்தில் மன்றாடும் கத்தோலிக்கரும் ஒரே கரையில் வலை உலர்த்தும் வாடியைவிடச் சிறந்த முடிச்சுப் பள்ளி வேறெது?

ஆயின் பெயர்ச்சியெல்லாம் விரும்பி மேற்கொண்டதன்று. 1990ஆம் ஆண்டு அக்டோபரிலே வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்ப் பகுதியினர் பலர் கடல்வழியாகவே கற்பிட்டியை வந்தடைந்தனர். அவர்களுள் மீனவரும் இருந்தனர். படகும் வலையும் வீடும் பின்னே நின்றுவிட்டன. முன்னரே நெருக்கடியான புத்தளக் கரையிலே அவர்கள் கூலிக்குத் தொழில் செய்ய நேர்ந்தபோது, பறிக்க முடியாததாய் அவர்களோடு வந்தது கைத்திறன் ஒன்றே. மீன்பிடித் தொழிலின் மூலதனத்தைக் கணக்கிடும் பொருளியலாளர் இதனை எந்த நிரலிலே எழுதுவர் என்பது எனக்கு விளங்கவில்லை.

நைலோன் வந்ததனால் நூற்றல், முறுக்கல், பின்னல், சாயமூட்டல் ஆகிய அனைத்தும் மீனவ வீட்டை விட்டு நீங்கின. உழைப்பின் சுமை குறைந்தது மெய். கண்டற்பட்டை உரிக்கவும் பானை காய்ச்சவும் எவரும் மீண்டும் விரும்பார். ஆயின் அவ்வேலைகளோடு பெண்டிருக்கும் முதியோருக்கும் தொழிலிலிருந்த இடமும் சுருங்கியது. முன்பு உழைப்பாற் பெற்ற இழையை இப்போது பணத்தாற் பெற வேண்டியிருந்தது. பணமில்லாதவன் சம்மாட்டியிடமும் வியாபாரியிடமும் முற்பணம் வாங்க வேண்டியிருந்தது. இழையைப் பற்றிய அறிவு முழுவதும் தொழிற்சாலைக்குச் சென்றுவிட, இழையைப் பொருத்தும் அறிவு மட்டும் மீனவனிடம் எஞ்சியது. முர்சியாவிலும் இதுவே நிகழ்ந்தது. பட்டுப்புழு நரம்புத் தொழில் அழிந்தது. தூண்டிற்காரனின் முடிச்சு அழியவில்லை. பின்னாளிலே தொழிற்சாலைகள் முடிச்சே இல்லாது தலையிலே தடித்து நுனியிலே மெலியும் முன்னிழையையும் வார்த்தெடுத்தன. அப்போதும் நுனியிழை தேயத் தேயப் புதியதொன்றை நீரருகே நின்று கையாலேயே கட்ட வேண்டியுள்ளது.

உளுக்காமை என்னும் அதே நற்பண்பு கடலுக்குத் தீங்காகவும் முடிந்தது. பருத்தி இழை அறுந்து கடலில் வீழ்ந்தால் காலப்போக்கில் மட்கிப்போகும். தங்கூசி பவளப்பாறையிலே சிக்கி ஆண்டுக்கணக்கிற் கிடக்கும். ஆமையையும் ஆவுளியாவையும் பிணிக்கும். கற்பிட்டிக்கு மேற்கே 1992இல் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பவளப்பாறைத் தொடருக்கும் இவ்விடர் உண்டு. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டத்தின் கீழ் 2006இலே தங்கூசி வலைகள் தடைசெய்யப்பட்டன. தடை வலைக்கே உரியது. தூண்டிலிலே ஒற்றைப்புரி நைலோன் சட்டப்படியே பயன்படுகின்றது. ஆகவே தூண்டிலைப் பொறுத்தவரையில் கடலிலே எவ்வளவு இழை எஞ்சும் என்பதனைச் சட்டத்தினும் முடிச்சே மிகுதியாகத் தீர்மானிக்கின்றது. நுனியிழையின் முடிச்சு அறுந்தால் ஒரு முழம் போகும். தலையிழையின் முடிச்சு நழுவினால் அதற்குக் கீழுள்ள முழுவதும் போகும். தேர்ந்த தூண்டிற்காரர் நுனியிழையை வேண்டுமென்றே மெலிந்ததாகத் தெரிவது இதனாலேயே. அறுவதாயின் முள்ளருகே அறுக என்பது அவர் கணக்கு.

அண்மைக் காலத்திலே கற்பிட்டிக்கு விளையாட்டுத் தூண்டிலுக்கென வெளிநாட்டார் வருகின்றனர். பாரையும் அறுக்குளாவும் அவர்கள் நாடுவன. அவர்களோடு வந்த புதிய பொருள் புளூரோகாபன் இழை. ஜப்பானின் குரேகா நிறுவனம் 1971இல் இதனைத் தூண்டில் இழையாக உருவாக்கியது. நைலோனினும் அடர்த்தி மிக்கதாகையால் இது விரைந்து அமிழும்; நீரை ஏறத்தாழ உறிஞ்சாமையால் நனைந்தும் வலுக் குறையாது; ஒளியை நீரைப் போன்றே முறிப்பதால் மீனின் கண்ணுக்கு எளிதில் தோன்றாது. ஆயின் விறைப்பானது. உருளை முடிச்சின் சுற்றுகள் இதில் எளிதில் அமர்வதில்லை. ஒரு சுற்றுக் குறைத்தும் மேலும் மெல்ல இறுக்கியும் கட்ட வேண்டியுள்ளது. மீண்டும் பொருள் மாறியுள்ளது. மீண்டும் சுருண்ட நுனிகள் கரைக்கு வருகின்றன. அவற்றைப் பார்த்து ஒரு சுற்றைக் கூட்டவோ குறைக்கவோ கற்றுக்கொண்டிருப்போர் வெளிநாட்டாரைக் கடலுக்கு அழைத்துச் செல்லும் படகோட்டிகளே. அவர்கள் இன்று இடும் முடிச்சுகளை வரைந்தும் பெயர் கேட்டும் பதிவு செய்யும் பணி நம் வரலாற்றுத் துறை மாணவர் இருவர் ஒரு விடுமுறையில் செய்யக்கூடிய அளவினதே.